பதினெட்டுப் புள்ளிகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த சங்கதி. உடற்கல்வி டீச்சர் அப்படி இல்லாவிட்டால் மூன்றாம் வகுப்பை மேய்க்க முடியுமா? அதிலும் அக்கா மகள் வாலு என் வகுப்புக்கு வந்ததிலிருந்து அவளைத்தான் அதிகம் திட்டினேன். சொந்தக்காரப் பிள்ளைக்குச் சலுகை என்று ஒருத்தரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதே!

"வீட்லதான் சித்தி. இங்க மிஸ். புரியுதா?" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை உடல்திறன் வகுப்பு. மைதானத்தை ஆறு சுற்று ஓடி, ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். பிறகு இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் தாளில் ஒரு புள்ளி. என் ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவே பத்து வினாடி. எட்டு வயதுப் பிள்ளைகள் வாயால் எண்ணினால் குளறிவிடும் என்று நானே யோசித்துச் செய்த ஏற்பாடு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. மூச்சு அடங்கிய பிள்ளைக்குப் பதினெட்டு, இருபது புள்ளி வரும்.

வாலுவின் தாளில் நாற்பது இருந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

"என்னடி இது? பேப்பர்ல எறும்பு விட்டியா?"

"அவ்ளோ வேகமா அடிக்குது மிஸ்."

"கதை விடாத! அஞ்சு நிமிஷம் உக்காந்த அப்புறம் நாப்பதா?"

சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் பதினெட்டு என்று எழுதினேன். அடுத்த புதன் நாற்பத்தொன்று. அன்றைக்கு அவளை எழுப்பி நிற்க வைத்தேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மூன்றாவது வாரம் பதினெட்டு வந்தது.

"அப்படி வா வழிக்கு," என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா துணி மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள். "மாடிப்படி ஏறினாலே உக்காந்துக்கிறாடி. நெஞ்சுக்குள்ள என்னமோ குதிக்குதுங்கிறா. டாக்டர்கிட்ட காட்டிடட்டுமா?"

"உன் பொண்ணு நடிப்பை உன்கிட்ட வச்சுக்கச் சொல்லு. ஓடறதுக்குச் சோம்பேறித்தனம். புதனுக்குப் புதன் அவ நாடித் துடிப்பை நான்தானே பாக்கறேன்? சுத்தமா பதினெட்டு."

அக்கா முகம் தெளிந்துவிட்டது. "நீ சொன்னா சரிதான். இதுக்குன்னே படிச்சவ நீ."



மறு புதனும் வந்தது. காலையிலேயே மைதானம் கொதித்தது. ஆறாவது சுற்றில் எல்லாரும் வந்து சேர்ந்த பிறகும் வாலு பாதி வழியில் இருந்தாள்.

"ஆடி அசைஞ்சு வராதடி! ஓடு!"

ஓடித்தான் வந்தாள். உதடு வெளுத்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். எல்லாரையும் உட்கார வைத்துத் தாள் கொடுத்தேன். ஐந்து நிமிடம் ஆனதும் விசிலை வாயில் வைத்தபடி வரிசைக்குப் பின்னால் நடந்தேன்.

வாலுவின் தாளில் ஏற்கெனவே புள்ளிகள் இருந்தன. மூன்று மூன்றாக ஆறு வரிசை. அளவெடுத்தாற்போல் நேராக இருந்தன. அவள் விரல் கழுத்தில் இல்லை. உள்ளங்கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னும் விசிலே அடிக்கலையே. அதுக்குள்ள எப்படி?"

"போன வாரமும் இப்படித்தான் மிஸ் போட்டேன். நாப்பதுன்னா திட்டுவீங்க. பதினெட்டுதானே சரி?"

குனிந்து அவள் கழுத்தில் விரலை வைத்தேன். ஒன்று, இரண்டு என்று தொடங்கினேன். என்னால் எண்ண முடியவில்லை. ஒரு துடிப்பு முடிவதற்குள் அடுத்தது வந்து இடித்தது. அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

"சித்தி," என்றாள் அவள். பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. தலை என் தோளில் சாய்ந்தது.

பள்ளி வேன் ஓட்டுநரைக் கூவி அழைத்து, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மடியில் கிடந்தவளை உலுக்கி உலுக்கிக் கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"சொல்லுடி," என்றாள் அக்கா. "இன்னிக்குப் புதன்கிழமைல்ல? பதினெட்டுதானே?"