இரண்டரை கிகாபிட்டும் பால் பொங்கும் நேரமும்

1

இந்தக் கதை ஒரு கணினிக் கடையில் பிறந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பெரிய எழுத்தாளர்களுக்குப் போர்க்களத்திலும் மரணப் படுக்கைக்குப் பக்கத்திலும் கதை கிடைக்கிறது. எனக்கு மவுஸ் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்றவர் ஒரு சிறிய அட்டைப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“சூடாகுதுங்க.”

“எல்லாமே கொஞ்சம் சூடாகத்தான் சார் செய்யும்.”

“இது ரொம்ப.”

அவ்வளவுதான். ஆனால் “ரொம்ப” என்று சொல்லும்போது அவர் கடைக்காரரைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய கேபிள் சுருள்களைப் பார்த்தார். பொய் சொல்கிறவர்களை எனக்கு அடையாளம் தெரியும், தொழில் அப்படி. மவுஸை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்தப் பெட்டி சூடாகவில்லை என்றால், அவர் ஏன் திருப்பிக் கொடுத்தார்?

2

தொடக்கம் எழுத உட்கார்ந்தேன்.

“தகவலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்த மனித குலம் முயன்ற அந்த முதல் நாளிலிருந்தே, வேகம் என்பது —”

[வேண்டாம். மனித குலத்தை வைத்து ஆரம்பிக்கும் எந்தக் கதையும் மனிதர்களிடம் வந்து சேர்ந்ததாகச் சரித்திரமில்லை.]

“அவளுடைய அறைக் கதவின் கீழிருந்து நீல வெளிச்சம் கசிந்து —”

[இதுவும் வேண்டாம். நீல வெளிச்சம் வந்தால் பின்னாலேயே மழை வரும். மழை வந்தால் ஜன்னல் வரும். அந்தக் கூட்டத்தையே எனக்குத் தெரியும். ஒருவரை உள்ளே விட்டால் குடும்பத்தோடு வந்து தங்கிவிடுவார்கள்.]

“கொள்முதல்காரர் ஒரு ஸ்விட்ச் வாங்க வேண்டியிருந்தது.”

இது நிற்கும். இதை வைத்துக்கொள்கிறேன்.

விளக்குப் போடும் ஸ்விட்ச் அல்ல. வீட்டு நெட்வொர்க் கேபிள்கள் எல்லாம் வந்து செருகிக்கொள்ளும் சின்னப் பெட்டி. ஒரு கணினி அனுப்புவதை வாங்கி இன்னொன்றுக்குக் கொடுக்கும் தபால் நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டுக் கூடத்து அலமாரியில் இருந்த பழைய பெட்டி ஒரு கிகாபிட் வேகத்தில் ஓடியது. இப்போது இரண்டரை, பத்து என்றெல்லாம் வந்துவிட்டது.

வேகம் தேவைப்பட்டது அவருக்கல்ல, அவர் மனைவிக்கு. மனைவி படத்தொகுப்பாளர், பின்னறைதான் அலுவலகம். அன்றன்று எடுத்த காட்சிகளைக் கூடத்து அலமாரியில் இருக்கும் சேமிப்புப் பெட்டியில் ஏற்றி, அங்கிருந்து தன் கணினிக்கு இழுத்து, வெட்டி ஒட்டி, திரும்ப அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை மணிக்குக் குறையாது. இரு முனையிலும் இயந்திரங்கள் புதியவை. நடுவில் உட்கார்ந்திருந்த தபால் நிலையம்தான் கிழம்.

“நீங்கதான் வாங்கற வேலைல இருக்கீங்களே, நல்லதா, கட்டுப்படியாகற விலைல ஒண்ணு பாத்து வாங்கிட்டு வாங்க” என்று மனைவி சொன்னார். தெரியாமல் சொல்லிவிட்டார்.

3

கொள்முதல்காரர் வேலை பார்த்தது ஒரு பெரிய நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில். அங்கே குண்டூசி வாங்கினாலும் மூன்று விலைப்புள்ளி, ஓர் ஒப்பீட்டு அட்டவணை, ஒரு குழுக் கூட்டம். ஒருமுறை காவலாளிகளுக்குக் குடை வாங்க முடிவெடுப்பதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. குடையே தேவையில்லை என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. ஆண்டறிக்கையில் அது ‘சிக்கனம்’ என்ற தலைப்பின் கீழ் வந்தது. அந்தத் தலைப்பைப் போட்டவர் நம்மவர்தான்.

அவர் வீட்டிலும் அட்டவணை போட்டார். ஐந்து துளையா, எட்டா? உள்ளே மின்விசிறி உள்ளதா, இல்லாததா? எல்லாம் தானாக ஓடுவதா, அமைப்புகளை நாமே மாற்றக்கூடியதா? பிளாஸ்டிக் உடலா, இரும்பா? வாரங்கள் ஓடின. நிபுணர் கருத்துக்காக மச்சினனுக்குப் போன் போட்டார்.

“மாமா, ரெண்டரை எல்லாம் பழைய கதை. பத்துக்குப் போங்க. நாளைக்கு வருத்தப்படக் கூடாது பாருங்க.”

“பத்து விலை ஜாஸ்தியா இருக்கேப்பா.”

“ஆஃபீஸ்ல கழிச்சுப் போட்டது செகண்ட் ஹேண்ட்ல வரும், சல்லிசா. என்ன, ஃபேன் சத்தம் கொஞ்சம் இருக்கும்.”

“கொஞ்சம்னா?”

“தலை காய வெக்கற மெஷின் இருக்குல்ல, அந்த மாதிரி. நாள் பூரா. பழகிடும் மாமா.”

“உன் வீட்ல என்ன போட்டிருக்க?”

“எங்க வீட்லயா? மொபைல் டேட்டாதான். இதையெல்லாம் யாரு உக்காந்து பாத்துக்கறது.”

அட்டவணையில் மச்சினன் பெயருக்கு நேரே ‘கருத்து பெறப்பட்டது’ என்று எழுதிக்கொண்டார்.

* தொழில் தெரிந்த வாசகர் ஒருவர் இந்நேரம் பொறுமையிழந்திருப்பார்: “ஐயா, இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே நேராக ஒரு கேபிள் இழுத்தால் போதுமே, ஸ்விட்ச் எதற்கு?” உண்மைதான். ஆனால் அப்படிச் செய்தால் எனக்குக் கதை இருக்காது, அவருக்கு அட்டவணை இருக்காது. இருவருடைய பிழைப்பிலும் மண்ணைப் போடாதீர்கள்.

4

இங்கேதான் நான் சிக்கிக்கொண்டேன். கொள்முதல்காரரைச் சோம்பேறி என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சோம்பேறி யாரும் இவ்வளவு அலைவதில்லை. அவர் சாப்பிடும்போதும் போனில் ஸ்விட்ச் பார்த்தார். நடக்கும்போதும் உதடு அசைந்தது. அப்படியொரு பரபரப்பு வாங்கத் துடிக்கிறவனுக்கும் வரும், வாங்காமலிருக்கக் காரணம் தேடுகிறவனுக்கும் வரும்.

எனவே அவர்கள் வீட்டுச் சமையலறையை எழுதிப் பார்த்தேன்.

அவர் அலுவலகத்திலிருந்து வந்து முகம் கழுவுகிறார். பின்னறையில் மனைவி அன்றைய காட்சிகளை இழுக்கப் போட்டுவிட்டு வெளியே வருகிறார். கணினி அரை மணிக்கு மூச்சு விடாது. வேறு வேலை செய்ய முடியாது. முக்காலியில் உட்கார்ந்து, இன்னொரு முக்காலியில் கால் நீட்டிக்கொள்கிறார். இவர் டீ போடுகிறார்.

“இன்னைக்கு ஹீரோ அழுவற சீன். எத்தனை தடவை எடுத்தும் கண்ணுல தண்ணி வரல. கடைசில சாப்பாடு வரலன்னு ஒரு மூஞ்சி வெச்சாரு பாருங்க. அதைத்தான் அம்மா செத்ததுக்குப் போட்டிருக்கேன்.”

“நல்லா இருக்கா?”

“எனக்கே அழுகை வந்துடுச்சு.”

இருவரும் சிரிக்கிறார்கள். இழுப்பு முடிந்தால் உள்ளேயிருந்து ஒரு மணிச் சத்தம். அது கேட்டதும் மனைவியின் கால் தரையிறங்கும், கதவு சாத்திக்கொள்ளும், சாப்பாட்டு நேரம் வரை திறக்காது. அந்த வீட்டில் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவது அந்த அரை மணியில்தான்.

[வாசகரே, இதை எழுதிய பிறகுதான் எனக்கே புரிந்தது.]

“டைரக்டர் பேசினாரு” என்றார் மனைவி அன்றைக்கு. “அடுத்த தொடர் முழுசா எனக்குத்தானாம். ஆனா அன்னன்னிக்கு எடுத்தத அன்னன்னிக்கே வெட்டிக் குடுக்கணும். இப்ப இருக்கற வேகத்துல என்னால ஆகாது. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வேணுமாம், இல்லன்னா வேற ஆளு. ஸ்விட்ச் என்னங்க ஆச்சு?”

“ஒப்பீடு நடந்துட்டு இருக்கு.”

“நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்வளவு யோசிக்கல.”

“அதுக்கு ஒரே ஒரு கொட்டேஷன்தான் வந்துது.”

மணி அடித்தது. மனைவி சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

5

அடுத்த நாள் மதியமே கொள்முதல்காரர் விடுப்புப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனார். ஐந்து துளை, இரண்டரை கிகாபிட், மின்விசிறி கிடையாது, இரும்பு உடல். போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் கொடுத்தனுப்பினார். மனைவி டப்பிங் பார்க்க வெளியே போயிருந்தார். பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, வழக்கமாக அரை மணி பிடிக்கும் அதே அளவுக் காட்சியை இழுக்கப் போட்டார். டீ போடப் போனார்.

பால் பொங்கியது. தூள் போட்டார். வடிகட்டிக் கோப்பையைக் கையில் எடுத்தபோது மணி அடித்தது.

டீ இன்னும் வாயைச் சுடும் சூட்டில் இருந்தது. அவர் அந்த இரண்டு முக்காலிகளையும் பார்த்தபடி —

[இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். முக்காலிகளைப் பார்த்தார், போதும்.]

பிறகு கூடத்துக்குப் போய்ப் பெட்டியைத் தொட்டார். இளஞ்சூடு. தூங்கும் பூனையின் முதுகளவு. கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பழையதை மாட்டி, புதியதைப் பிளாஸ்டிக் உறை கசங்காமல் பெட்டிக்குள் வைத்தார். கடைக்குப் போய் என்ன சொன்னார் என்பது நமக்குத் தெரியும்.

6

விமர்சகர்கள் இந்த இடத்தை மோப்பம் பிடித்து வருவார்கள். ‘நவீன வாழ்வின் வேகம் மனித உறவுகளை விழுங்கும் அவலத்தை ஆசிரியர்...’ ஆசிரியர் அப்படி எதுவும் செய்யவில்லை. வேகம் யாரையும் விழுங்கவில்லை. அரை மணி டீக்காக ஒரு மனிதர் தன் மனைவியின் தொழிலை விழுங்கப் பார்த்தார். பாசம் என்று பெயர் வைத்தால் குற்றம் சிறியதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். குடை வாங்காததற்குச் ‘சிக்கனம்’ என்று பெயர் வைத்த அதே கை.

இருந்தாலும் அவரை வில்லனாக்கவும் எனக்கு மனம் வரவில்லை. வில்லன்கள் பிளாஸ்டிக் உறையை இவ்வளவு பதமாக மடிக்க மாட்டார்கள்.

7

வியாழக்கிழமை மனைவி தானே கடைக்குப் போனார். திரும்பி வந்து, சமையலறை மேசையில் அதே பெட்டியை வைத்தார்.

“சூடாகுதாமே.”

அவர் அடுப்பைப் பார்த்தார்.

“கடைக்காரர் சொன்னாரு. உங்க சார் ட்ரையல் எடுத்துட்டுப் போயி திருப்பிட்டாரேம்மான்னு. நானும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஆமா ஆமான்னு தலையாட்டினேன். ஓடிச்சா?”

“ஓடிச்சு.”

“வேகமா?”

“வேகமாத்தான். ஆனா நடைமுறைல சில —”

“ஆஃபீஸ் பாஷை வேண்டாங்க.”

கொள்முதல்காரர் பெட்டியின் மூலையைத் தடவினார். பிறகு அவர் சொன்னார்:

“டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சுடுச்சும்மா.”

மனைவி அவரைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை. அதற்கப்புறம் வந்தது கோபம்தான்.

“அதைச் சொல்லியிருக்கலாம்ல? வாயத் தொறந்து ஒரு வார்த்தை. நான் மூணு நாளா அந்த வேலைய எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு ஒத்திகை பாத்துட்டு இருக்கேன்.”

8

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் மனைவி, “ஃபைல் காப்பி ஆகும்போதுதான் டீ குடிக்கணும்னு எந்தக் கமிட்டி தீர்மானம் போட்டுது?” என்கிறார். இருவரும் சிரிக்கிறார்கள். வசனம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகம் வந்து எடுத்துவிட்டேன். மூன்று நாள் அப்படி ஒத்திகை பார்த்தவருக்கு இவ்வளவு சீக்கிரம் நகைச்சுவை வராது.

இரண்டாம் முடிவில் மனைவியே பெட்டியை மாட்டுகிறார், தொடரை ஒத்துக்கொள்கிறார், கதவு சாத்திக்கொள்கிறது. இவர் ஒற்றைக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் வேலை செய்யும் பெண்ணைக் கதவு சாத்தும் சத்தமாக மட்டும் விட்டுவைக்கும் கதைகளை நான் நிறையத் திட்டியிருக்கிறேன்.

மூன்றாம் முடிவு —

மூன்றாவதில் வெள்ளிக்கிழமை சாயங்காலம். பின்னறையில் மனைவியின் போன் அடிக்கிறது; டைரக்டர். “எடுக்கறதா வேண்டாமா? சொல்லுங்க” என்று மனைவி உள்ளேயிருந்து கேட்கிறார். கொள்முதல்காரர் அலமாரி முன்னால் நிற்கிறார். பழைய பெட்டியின் கேபிள்களைக் கழற்றியாகிவிட்டது. புதிய பெட்டி இடது கையில், கேபிள் வலது கையில். இந்த நிமிடத்தில் வீட்டில் எந்த வேகமும் இல்லை.

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. செருகினால் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும், அதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். செருகிய பிறகு அந்தப் பின்னறைக் கதவை அவர் தட்டுவாரா, தட்டினால் திறக்குமா என்பதற்கு என்னிடம் விலைப்புள்ளி ஏதுமில்லை.

ஒன்றுதான் சொல்ல வேண்டும். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு கோப்பைக்கா, இரண்டு கோப்பைக்கா என்பதை நான் பார்க்கவில்லை. விளிம்புக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. போன் இன்னும் அடிக்கிறது. நீங்கள்தான் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள்.