டப்பா இருந்த இடத்தில்

காரில் ஏற்றும்போதே அப்பாவுக்கு உயிர் இல்லை என்று லிங்கேஸ்வரன் வாசலில் இன்னொரு ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளே அவன் தங்கை சிவரஞ்சனி அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் கட்டிய துணி நழுவிவிட்டது. அவன் கை வைத்த எதுதான் உருப்பட்டது என்று நினைத்தபடி முடிச்சை இறுக்கினாள்.

"மூச்சு நின்ன அவியளச் சொமந்துட்டு ஓட மாட்டாம நம்ம வண்டியும் நின்னுட்டு மாமா. வண்டியே தாங்கல, பாத்துக்கோங்க."

அம்மாவின் தம்பி தங்கப்பாண்டியன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். காலையிலிருந்து இந்தக் கதை வத்திராயிருப்பில் தெருத்தெருவாகப் போய்க் கொழுத்துவிட்டது. அப்பா ஆவுடையப்பனைப் பிணமாகச் சுமந்து போன துக்கத்தில் என்ஜின் ஒரு கேவல் கேவிவிட்டு அடங்கியதாம். கேட்டவர்களில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். செத்தவருக்காக இல்லை, காருக்காக.

என்ஜின் எதற்கு நின்றது என்று சிவரஞ்சனிக்குத் தெரியும். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. கேவலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை.

ராஜபாளையத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற லிங்கேஸ்வரன் போன வருஷம் அந்தப் பழைய காரை வாங்கினான். பானெட்டுக்குள் ஓரமாக ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா இருந்தது. ரேடியேட்டர்த் தண்ணீர் சூடேறிப் பெருகும்போது மிஞ்சியது அந்த டப்பாவில் வந்து நிற்கும். என்ஜின் ஆறியதும் திரும்ப உள்ளே போகும். பெருகின தண்ணீருக்கு ஒதுங்க ஓர் இடம், அவ்வளவுதான் அதன் வேலை. அதைத்தான் அவன் கழற்றினான். ஐந்து குழல் ஏர் ஹாரன் வாங்கியிருந்தான், அதன் மோட்டாரை வைக்க இடம் வேண்டியிருந்தது. எப்போதும் வண்டி பார்க்கிற அபுதாஹிர் மாட்டேன் என்று சொல்லிவிட, வேறு ஆளைப் பிடித்து அதை மாட்டவைத்தான். டப்பாவுக்குப் போன ஹோஸ் தரையைப் பார்த்துத் தொங்கியது.

பொங்கலுக்கு அவன் வந்தபோது சிவரஞ்சனி சொன்னாள். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள், இயற்பியல் படித்தவள். வெளியே போன தண்ணீர் திரும்ப வர வழியில்லை, ஓட ஓட ரேடியேட்டர் காயும் என்றாள். பதிலுக்கு அவன் தெருவே எட்டிப் பார்க்கும்படி ஹாரனை அடித்துக் காட்டினான். வண்டிக்கு அடியில் ஈரம் கோடு போட்டதற்கு, ஏசித் தண்ணி என்றான். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருக்கும் அந்த ஹாரன் பிடித்திருந்தது. அதுவும் அவளுக்கு எரிச்சல்தான்.

இன்று காலை அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் அவள் ஆம்புலன்ஸுக்கு அடிக்கப் போனை எடுத்தாள். முந்தின நாள்தான் வந்திருந்த அண்ணன் அதைப் பிடுங்கினான்.

"வாசல்ல நம்ம வண்டி நிக்கையில நூத்தியெட்டா? நாலு பேரு என்னட்டி நெனைப்பான்?"

சீட்டு அழுக்காகிவிடும் என்று அப்பாவே துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். கிருஷ்ணன்கோவிலுக்கு முன்னால், இரண்டு பக்கமும் தென்னந்தோப்பாக இருக்கிற இடத்தில், முன்பக்கம் வெள்ளையாக ஆவி கிளம்பி வண்டி நின்றது. லிங்கேஸ்வரன் இறங்கிப் பானெட்டைத் திறந்து பார்த்தான். என்ன பார்த்தானோ. பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, போகிற வண்டிகளை நிறுத்த ஹாரனை அடித்தான். ஹாரனுக்கு ஒரு குறையும் இல்லை. கல்யாண வண்டி என்று நினைத்தார்களோ என்னவோ, எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டுப் போனார்கள். ஒருவழியாக ஒரு பால் வேன் நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் பார்த்துவிட்டு, வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்.

பிணத்தோடு திரும்பும்போது அண்ணன் சொன்னான்: ஏத்தும்போதே இல்லைன்னு சொல்லிருவோம், கொள்ளி வைக்கப் போறவன் நான், ஊரு காறித் துப்பிரும். அம்மாவுக்கு மிச்சம் ஒரு பிள்ளைதானே என்று அவள் விட்டுவிட்டாள். அந்தத் தெருவின் கணக்கில் மகள் பிள்ளையில் சேர்த்தி இல்லை.

அம்மா கருத்தம்மாள் காலையிலேயே கான்சாபுரத்துக்குக் களையெடுக்கப் போயிருந்தாள். ஆள் விட்டுக் கூப்பிட்டு வந்தபோது புருஷன் பெஞ்சில் கிடந்தார். அவள் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று. உயிரே இல்லை, என்னத்தைச் சொல்வாக என்று மகன் ஒவ்வொரு தடவையும் சொன்னான்.

மத்தியானத்துக்கு மேல் சங்குச் சத்தம் கேட்டது. நீர்மாலைக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். டப்பாத் தண்ணீருக்கு இடம் கொடுக்காதவன், தலைக்கு மேலே நாலு பேர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்க, பிணத்தைக் குளிப்பாட்டக் குடம் நிறையத் தண்ணீரைத் தோளில் சுமந்து பயபக்தியோடு வந்தான்.

அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"குளிப்பாட்டித் தூக்கிருவாங்கட்டி. பொறவு யாருகிட்ட கேப்பேன்? நீயும் வண்டிலதான இருந்த. அவிய ஒண்ணுமே சொல்லலையா?"

லிங்கேஸ்வரன் குடத்தோடு நிலைப்படியில் நின்று தங்கையைப் பார்த்தான். முறைத்திருந்தால் ஒருவேளை அவள் விட்டிருப்பாள். அவன் கண்ணால் கெஞ்சினான்.

"சொன்னாகம்மா. வண்டி நின்ன பொறவு சொன்னாக."

சங்கு ஊதியவர் வாயிலிருந்து சங்கை எடுத்தார். பிள்ளைக்குச் சித்தம் கலங்கிட்டு, வெளியே கூட்டிப் போங்க என்றார் தங்கப்பாண்டியன். யாரும் கூட்டிப் போகவில்லை.

"என்னட்டி சொன்னாக?" என்றாள் அம்மா.

"அண்ணன் பானெட்டத் தொறந்துட்டு நின்னான். அப்பாவுக்கு வேர்த்து ஊத்துது. கண்ணாடிய எறக்கச் சொல்லி, ஏலே லிங்கா, வண்டியத் தள்ளணுமாலே, நான் எறங்கட்டான்னு கேட்டாக. கதவத் தொறக்கக் கை வச்சாக. அம்புட்டுத்தான்."

கருத்தம்மாள் அழவில்லை. புருஷனின் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மடங்கிக் கிடந்த விரல்களை நீட்டிவிடப் பார்த்தாள். அவை நீளவில்லை.

வேட்டி பிடித்திருந்தவர்களில் ஒருவர் தன் முனையை மெல்ல விட்டார். தோளில் இருக்கிற நிறைகுடத்தைத் தானாக இறக்க முடியாது, இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். லிங்கேஸ்வரன் மாமாவைப் பார்த்தான். மாமா வாசலில் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.