பொய்யாகச் செத்தவருக்கு ஒரு கல்

வீட்டில் எல்லோரும் அவளை 'அடிக்குறிப்பு' என்றுதான் அழைப்பார்கள். மழை வரும்போலிருக்கிறது என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், "யார் சொன்னது, எதை வச்சுச் சொன்னாங்க?" என்று கேட்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது. நகரத்தின் சாக்கடைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தாள், குடிநீர்க் குழாய்களைப் பற்றி ஒன்று, பாலங்களைப் பற்றி இரண்டு பாகம். எதிலும் ஒரு தப்பு கண்டுபிடித்துவிட முடியாது. கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முதலில் யாராவது படிக்க வேண்டும்.

பதிப்பாளர் நல்ல மனிதர். விஷயத்தைச் சுற்றி வளைத்துத்தான் சொன்னார்.

"மேடம், உங்க பாலமெல்லாம் நம்ம கிடங்குல பத்திரமா இருக்கு. கரையான்கூட ஏறலை."

"சந்தோஷம்" என்றாள்.

"அதைச் சொல்ல வரலை. அந்தக் காலத்துத் தெரு, விளக்கு, வண்டி எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. நடுவுல ஒரு பொணத்தைப் போடுங்களேன். சரித்திர மர்ம நாவல். ஜனங்க அள்ளிக்கிட்டுப் போவாங்க."

"யாரோட பொணம்?"

"யாரோடதா இருந்தா என்ன மேடம். உங்க இஷ்டம்."

அந்த 'இஷ்டம்' என்கிற சொல்தான் அவளைப் படுத்தி எடுத்தது. இத்தனை வருட எழுத்தில் அவள் இஷ்டம் என்று ஒன்று நடந்ததே இல்லை. நாவலின் முதல் வடிவத்தை எழுதி முடித்து, மாடியில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் தம்பியிடம் கொடுத்தாள். அவன் ஒரு நோயாளிக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, மரத்துப்போகிற வரைக்கும் படிப்பான். அடுத்தவருக்கு ஊசி போட்டுவிட்டு மறுபடி படிப்பான். அப்படியே படித்து முடித்துவிட்டுக் கீழே இறங்கி வந்தான்.

"அக்கா, உன் கதையில வர்ற பொறியாளர் காய்ச்சல்ல செத்துட்டாரு."

"ஆமா. வயசாகிடுச்சு."

"கொலை எங்க?"

"அந்த வருஷம் ஊர்ல கொலையே நடக்கலைடா. தேடிப் பார்த்துட்டேன்."

தம்பி கையுறையைக் கழற்றினான். "நடந்ததை எழுதறதுக்கு அவங்க எதுக்கு உன்கிட்ட வரணும்? நடக்காததை எழுதுக்கா. இல்லாத ஆளைக் கொல்லு. யாருக்கும் வலிக்காது."

பல் மருத்துவர்கள் இப்படிச் சொல்வது வழக்கம்தான். ஆனாலும் அவள் கேட்டுக்கொண்டாள். மணிக்கூண்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற ஒரு மனிதரைப் புதிதாகப் படைத்தாள். கூச்ச சுபாவம், இடது காது மந்தம், கல்யாணம் ஆகாத ஒரு தங்கை. பத்தாவது அத்தியாயத்தில் அவரை மணிக்கூண்டின் உச்சியிலேயே கொன்றாள். எழுதி முடித்ததும் நன்றாகப் பசித்தது. அதை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

புத்தகம் வந்தது. பதிப்பாளர் சொன்னபடியே அள்ளிக்கொண்டு போனார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. சாக்கடையில் ஒரு செங்கல்லைக்கூட மாற்றி எழுதாதவள், கொலையிலா பொய் சொல்வாள் என்று வாசகர்கள் தாங்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். மணிக்கூண்டின் அடியில் பூக்கொத்துகள் முளைத்தன. தம்பியின் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்த ஒருவர், பஞ்சை எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்தத் தங்கச்சி கடைசியில என்ன ஆனாங்க டாக்டர்?"

பிறகு நகராட்சியிலிருந்து அழைப்பு வந்தது. மணிக்கூண்டு முனைக் கடைக்காரர்கள் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறார்களாம், கடிகாரக்காரருக்கு நினைவுக்கல் வைக்க வேண்டுமென்று. அவர் இறந்த தேதி மட்டும் தெரிய வேண்டுமாம். அவள் நேரிலேயே போனாள்.

அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். குழாய்ப் புத்தகத்துக்குத் தகவல் கேட்டு இதே அறைக்கு அலைந்த காலத்தில் யாரும் எழுந்ததில்லை.

"சார், அப்படி ஒருத்தர் இருந்ததே இல்லை. நானா கற்பனை பண்ணினது."

அதிகாரி சிரித்தார். "இருந்ததில்லைன்னு ஆதாரம் ஏதாவது இருக்கா மேடம்?"

ஆதாரம் கேட்பது அதுவரை அவளுடைய வேலையாக இருந்தது. இல்லாத ஆள் இல்லை என்பதற்கு எந்த ஆவணக் காப்பகத்தில் போய்த் தேடுவது.

"கல்லு வெட்டச் சொல்லியாச்சு" என்றார் அதிகாரி, ஆறுதல் சொல்கிற குரலில். "நல்ல பெரிய கல்லு."

"அந்த முனையில நிஜமாவே அஞ்சு பேர் செத்திருக்காங்க" என்றாள். அப்படிச் சொல்ல வேண்டுமென்று நினைத்து அவள் வரவில்லை. "குழாய் பதிக்கத் தோண்டின பள்ளத்துல மண்ணு சரிஞ்சு உயிரோட புதைஞ்சவங்க. அவங்களுக்கு ஒரு கல்லு வைங்கன்னு நானே கேட்டிருக்கேன். இடமில்லைன்னு சொல்லிட்டாங்க."

"அவங்களைப் பத்தி நாவல் இருக்கா?"

"இல்லை. புத்தகம் இருக்கு."

அதிகாரி பேனாவை உருட்டியபடி யோசித்தார். "கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். சின்ன எழுத்துல போட்டுடலாம். ஆனா நீங்க விழாவுக்கு வரணும்."

விழாவுக்குப் போனாள். ஒலிபெருக்கியில், கடிகாரக்காரர் முழுக்க முழுக்கத் தன் கற்பனை என்றும், கீழே உள்ள ஐவர்தான் உண்மை என்றும் தெள்ளத் தெளிவாகப் பேசினாள். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பதிப்பாளர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். பிறகு எல்லோரும் மேலே பெரிதாக வெட்டியிருந்த பெயரோடு படம் எடுத்துக்கொண்டு கலைந்து போனார்கள்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சீருடையில் ஒரு பெண் மட்டும் குனிந்து கல்லின் அடிப்பகுதியைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இவங்களும் அந்தக் கதையில வர்றவங்களாம்மா? எனக்கு ஞாபகமில்லையே."

"இல்லைம்மா. இவங்க நிஜம். இதே இடத்துல, பள்ளத்துல செத்தாங்க."

அந்தப் பெண் ஐந்து பெயர்களையும் இன்னொரு முறை படித்தாள். "அப்ப இவங்களைக் கொன்னது யாரு?"

மண்ணின் தன்மை, அன்று பெய்த மழை, பள்ளத்தின் ஆழம் எல்லாவற்றையும் குழாய்ப் புத்தகத்தில் அவள் எழுதியிருந்தாள். கொன்றது யார் என்பதுகூட அதில் எங்கோ இருந்தது, மர விலையைப் பற்றிய பத்திக்கு நடுவில். இத்தனை காலத்தில் ஒருவரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

"ஒப்பந்தக்காரர்" என்றாள். "மண்ணு சரியாம முட்டுக் கொடுத்திருந்த பலகையெல்லாம் வேற வேலைக்கு வேணும்னு, குழாய் பதிக்கிறதுக்கு முந்தியே உருவச் சொல்லிட்டாரு."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான். மண்ணு நிக்காதுன்னு மேஸ்திரி சொல்லியிருக்காரு."

"மாட்டினானா?"

"இல்லை. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு தெருவுக்கு அவர் பேரை வச்சாங்க."

"எந்தத் தெரு?"

"நாம நிக்கிறோமே, இதுதான்."

ஓட்டுநர் தலையைத் தூக்கி, எதிர்ச்சுவரில் இருந்த தெருப் பலகையைப் பார்த்தாள். பிறகு, விழாவுக்குப் போட்டிருந்த நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆளிடம், ரெண்டை மட்டும் விட்டு வைங்க என்றாள்.

"உட்காருங்கம்மா" என்றாள். "முதல்லேருந்து சொல்லுங்க."