கதவின் கால்வட்டம்

என் மனைவி நாட்டுக்காக உயிர் விட்டாள் என்பது பை ஆலை முதலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவரை அவள் புகையில் மூச்சு முட்டிச் செத்தாள் என்று நினைத்திருந்தேன்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டையில் குத்தியிருந்த சின்னக் கொடியைச் சரிசெய்தபடி உட்கார்ந்தார்.

"எல்லையில சிப்பாய் சாகறான். இங்க நம்ம பொண்ணு மெஷின் பக்கத்துல செத்தா. ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. அமைச்சர்கிட்ட பேசிட்டேன். ஆலை வாசல்ல ஒரு நினைவுக்கல் வைக்கறோம். அவரே வந்து திறக்கறார். நீங்க பக்கத்துல நிக்கணும்."

"பேராவது நிக்கட்டும் மாப்பிள்ளை" என்று என் மாமியார் அழுதார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கார் கிளம்பியது. அதன் மூக்கிலும் ஒரு கொடி.

போருக்கு முன்பு அந்த ஆலையில் காய்கறிப் பை தைத்தார்கள். போர் வந்ததும் சிப்பாய்களின் முதுகுப்பைக்கு ஆர்டர் கிடைத்தது. இரட்டைத் தையலுக்குப் பணம் வாங்கி ஒற்றைத் தையல் போட்டார்கள். ஷிப்ட் முடிந்த பிறகு கூடுதலாக ஒரு மணி நேரம் வேலை; சம்பளம் கிடையாது. அதற்குத் 'தேச நேரம்' என்று பெயர். ஒலிபெருக்கியில் வீரப் பாட்டு போட்டுத்தான் அதை ஆரம்பிப்பார்கள். தைக்கும் பெண்கள் முதலாளிக்குக் கொடிமரம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

துணி திருட்டுப் போகிறது என்று பின்கதவைப் பூட்டிவைப்பது கொடிமரத்தின் உத்தரவு. சாவி சூப்பர்வைசரின் இடுப்பில் இருக்கும். அன்று தேச நேரத்தில் இஸ்திரி மேஜையில் தீப்பிடித்தபோது சூப்பர்வைசர் எதிரே டீக்கடையில் இருந்தார். முன்பக்கம் இருந்தவர்கள் ஓடித் தப்பித்தார்கள். அவளுடைய மேஜை பின்கதவை ஒட்டி இருந்தது.

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். "ராணுவ வேலை நடக்கற இடம் சார். போர் முடியற வரைக்கும் நாங்க உள்ள போய்ப் பார்க்கவே முடியாது" என்றார் அதிகாரி. நல்ல மனிதர். நாற்காலியெல்லாம் போட்டார்.

கொடிமரம் வந்துபோன அன்று சாயங்காலம் மச்சினி வேலை முடிந்து வந்தாள். அவளுக்கும் அதே ஆலைதான்.

"மாமா, மேஜை மாத்திட்டாங்க. இனிமே அக்கா எடத்துலதான் நான்."

"பின்கதவு?"

"புதுப் பூட்டு. பழசுதான் கருகிப்போச்சே. தீப்பிடிச்சப்புறம் கொடிமரம் கைக்காசு செலவு பண்ணினது அது ஒண்ணுக்குத்தான்."

"வேலையை விட்டுடு."

"விட்டுட்டு? அம்மா மாத்திரைக்கு நீங்க கொடுப்பீங்க, வாடகைக்கு யார் கொடுப்பா? போங்க மாமா. நான் விட்டா மட்டும் அந்த மேஜை காலியாவா இருக்கும்? வேற ஒருத்தி வருவா."

அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். நான் சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தேன். அவள் குனிந்து பாத்திரம் கழுவும்போது முதுகு அப்படியே அக்கா முதுகு.

நான் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். வரைபடத்தில் கதவு என்பது ஒரு கோடும் ஒரு கால்வட்டமும். கதவு எந்தப் பக்கம் திறக்கும், திறந்து மூட எவ்வளவு இடம் வேண்டும் என்பதெல்லாம் கால்வட்டத்தில் தெரியும். அந்த இடத்துக்குள் எதையும் வைக்கக் கூடாது. எங்கள் வேலையில் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

மறுநாள் கொடிமரத்தைப் பார்க்கப் போனேன்.

"கல்லு வாசல்ல வேண்டாங்க. அவ விழுந்த எடத்துல வைக்கலாம்."

"பின்னாலயா? ஒரே குப்பைச் சந்து தம்பி. அமைச்சர் வரணுமே."

"சிப்பாய் விழுந்த எடத்துலதானே கல்லு நிக்கணும்? நீங்கதானே சொன்னீங்க, ரெண்டும் ஒண்ணுன்னு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பத்திரிகையில் அந்த வரி எப்படி இருக்கும் என்று பார்த்தார் போல.

"சந்தைச் சுத்தம் பண்ணிடுவோம்" என்றார்.

"வரைபடம் நானே போட்டுத் தரேன். நான் அவளுக்குச் செய்யறதுக்கு வேற என்ன இருக்கு?"

அவர் கண் கலங்கியது. நடிப்பு என்று சொல்ல மாட்டேன். அப்படிப்பட்டவர்களுக்கும் கண் கலங்கும்.

அந்தக் கதவு துணி வண்டி உள்ளே வருவதற்காக வைத்தது. ஒரே இரும்புப் பலகை, நல்ல அகலம், உள்பக்கமாகத் திறக்கும். விரியத் திறந்தால் உள்ளே பக்கச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அப்படித் திறந்த கதவின் மேல் கொடியை வரைவது, அதற்கு முன்னால் கான்கிரீட் பீடம், பீடத்தின் மேல் கருங்கல். ஆள் போக வர தாராளமாக வழி இருந்தது. எல்லாவற்றையும் அளவோடு வரைந்தேன். கால்வட்டத்தை மட்டும் வரையவில்லை.

கொடிமரம் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "பின்னால கொடி, முன்னால கல்லு. பிரமாதம்" என்றார்.

விழா நடந்தது. பெண்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் மேலங்கி கொடுத்து வரிசையில் நிறுத்தினார்கள். மச்சினி என் பக்கத்தில் நின்று கல்லில் இருந்ததை முணுமுணுப்பாகப் படித்தாள்.

"'தாய்நாட்டின் அழைப்பை ஏற்று உயிர் தந்தவர்.' அக்காவா? அம்மா நாலு தடவை கூப்பிட்டாலும் ஏன்னு கேட்க மாட்டாளே மாமா."

அவள் சிரித்தாள். பிறகு மேலங்கியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அமைச்சர் திரையை இழுத்தார். நாடு இந்தக் குடும்பத்துக்குக் கடமைப்பட்டிருக்கிறது என்றார். புகைப்படத்துக்காக ஒரு முதுகுப்பையைத் தோளில் மாட்டியபோது வார் பிய்ந்து கையோடு வந்தது. கொடிமரம் பாய்ந்து வந்து பிடித்தார்.

"ஐயாவோட தோள் வலிமைக்கு எந்தப் பையும் தாங்காது!"

எல்லோரும் கை தட்டினார்கள். தைத்த பெண்களும் தட்டினார்கள், கொஞ்சம் கூடுதலாகவே.

கூட்டம் கலைந்தது. நான் போகவில்லை. சூப்பர்வைசர் பூட்டோடு வந்து கதவை இழுத்தார். கதவு பீடத்தில் இடித்து நின்றது. மறுபடி இழுத்தார். கொடிமரத்தைக் கூப்பிட்டார்.

"கல்லு இடிக்குதுங்க. மூட முடியல."

கொடிமரம் கதவைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"தம்பி, படத்துல இது தெரியலையே."

"தெரியாதுங்க."

"பீடத்தை உடைச்சிட்டு ஒரு அடி தள்ளி வச்சிடலாங்க" என்றார் சூப்பர்வைசர்.

"வாயை மூடுடா. நாளைக்குக் காலையில பேப்பர்ல படம் வருது. அமைச்சர் திறந்த கல்லை நீ உடைக்கப் போறியா?"

அவர் கொடிக் குத்தூசியைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

அவர் என்றைக்காவது ஒரு வழி கண்டுபிடிப்பார். இப்போதைக்குப் பின்வாசலில் ஒரு காவலாளியை உட்கார வைத்திருக்கிறார். இருக்கட்டும். ஆளைத் தள்ளிவிட்டு ஓடலாம்.

கல்லில் இருப்பது பொய். அன்றைக்கு அவள் நாட்டை நினைத்திருக்க மாட்டாள். கதவைத்தான் நினைத்திருப்பாள். அந்தப் பொய்யின் கீழே அவள் பெயரை வெட்டச் சம்மதித்தவன் நான். அவள் இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவள் போனதிலிருந்து அவள் குரல் எனக்குக் கேட்பதில்லை.

சாயங்காலம் சந்தில் போய் நிற்கிறேன். தேச நேரம் முடிந்து பெண்கள் பின்வாசல் வழியாகவே வருகிறார்கள், பஸ்ஸுக்கு அதுதான் கிட்டே என்று. நேற்று மச்சினி வந்தாள். செருப்பு வார் கழன்றிருந்தது. சாப்பாட்டு டப்பாவைப் பீடத்தின் மேல் வைத்துவிட்டுக் குனிந்தவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஐயோ, அக்கா மேல வச்சிட்டேன். வைக்கலாமா மாமா?"

"வை" என்றேன்.