கரடிக்குட்டி மேகமான கதை

என் தம்பி கதை எழுதுகிறவன், நான் படம் போடுகிறவள். குழந்தைகள் சின்னச் சின்ன ஏமாற்றங்களைத் தாங்கிக்கொள்ளப் பழகவேண்டும் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து போட்ட கரடிக்குட்டிப் புத்தகங்கள் நன்றாகவே விற்கின்றன. ஐஸ்கிரீம் கீழே விழும், பலூன் பறந்துபோகும், ஓட்டப்பந்தயத்தில் கரடிக்குட்டி கடைசியாக வரும். கொஞ்சம் அழும், மூச்சை இழுத்து விடும், கடைசிப் பக்கத்தில் சிரித்துவிடும். சிரிக்காவிட்டால் பதிப்பாளர் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

பலூன் பறந்த வரைக்கும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தம்பியும் அவன் மனைவியும் பிரிந்து, அவன் வேறு ஊருக்குப் போன பிறகுதான் எனக்கு எரிச்சல் ஆரம்பித்தது. அவன் மகளை நாங்கள் வாலு என்று கூப்பிடுவோம். அம்மாவும் பெண்ணும் என் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். அம்மா வேலை முடிந்து வரும்வரை வாலு என் அறையில்தான் இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று தம்பி வாய் நிறையச் சொல்வான். ஞாயிறு வரும், அவன் வரமாட்டான். வாலு செருப்பைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். அடுத்த மாதம், கரடிக்குட்டி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் கதை என் மேஜைக்கு வரும். அவள் பிறந்தநாளுக்கு வராமல் போனான். அதுவும் புத்தகமாகி, அதற்கு ஒரு பரிசு வேறு கிடைத்தது. முதல் பிரதியில் ‘என் சமத்துக்கு’ என்று எழுதி அவளுக்கு அனுப்பினான். எங்கேயோ உறுத்துவதால்தானே எழுதுகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்து கொடுத்தேன்.

இந்த வாரம் புதுக் கதை வந்தது. கரடிக்குட்டி பள்ளி நாடகத்தில் மேகமாக நடிக்கிறது. உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு மேடை ஏறுகிறது. முன்வரிசையில் அப்பாக் கரடியின் நாற்காலி காலி. கரடிக்குட்டி மூச்சை இழுத்து விடுகிறது. ‘அப்பாவுக்கு வேலை, பரவாயில்லை’ என்கிறது. கடைசிப் பக்கத்தில் வழக்கமான சிரிப்பு.

நன்றாகத்தான் எழுதியிருந்தான், பாவி. உடனே பென்சிலை எடுத்துப் பஞ்சு வரைய ஆரம்பித்துவிட்டேன். மாதிரிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தலையைத் திருப்பினேன். கொடியில் வாலுவின் மேக உடை தொங்கியது. முந்தின நாள்தான் அவளும் நானும் உட்கார்ந்து அதில் பஞ்சு ஒட்டியிருந்தோம். அவள் நாடகம் வருகிற வெள்ளிக்கிழமை.

என் கை அப்படியே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை கட்டாயம் வருகிறேன், முன்வரிசையில் இடம் பிடித்து வை என்று அவன் அவளிடம் சத்தியம் செய்திருந்தான். அவளும் நாற்காலியில் ஒட்டுவதற்கு ‘அப்பா’ என்று ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தாள்.

போனை ஸ்பீக்கரில் போட்டு அவனைக் கூப்பிட்டேன்.

“கதை வந்துச்சா? எப்படிக்கா இருக்கு?”

“நாடகம் இன்னும் நடக்கவே இல்லையேடா.”

அவன் தொண்டையைச் செருமினான். “வெள்ளிக்கிழமை ஒரு நூலகத்துல கதை வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்க. ரொம்ப முன்னாடியே ஒத்துக்கிட்டேன். நிறையக் குழந்தைங்க வருவாங்கக்கா.”

“அது தெரிஞ்சேதான் இவகிட்ட சத்தியம் பண்ணியா?”

“அப்பவே இல்லைன்னு சொன்னா மனசு உடைஞ்சு போவாளேன்னுதான். எப்படியும் தாங்கிக்குவா. இதுல அவ எவ்வளவோ பக்குவம்.”

பக்குவமாம்! எனக்குச் சுர்ரென்று மண்டைக்கு ஏறியது. அந்தக் குழந்தை இன்னும் அழவே இல்லை. அதற்குள் எந்தப் பக்கத்தில் அழுகை, எந்தப் பக்கத்தில் சிரிப்பு என்று இவன் பிரித்துப் போட்டு, படத்துக்கும் அனுப்பிவிட்டான். பக்கத்தில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

“வெட்கமா இல்லையாடா உனக்கு? ஊர்க் குழந்தைங்களுக்கெல்லாம் உருகுறே. பெத்த பொண்ணு மேடையேறினா வந்து பார்க்க வலிக்குதா?”

“கத்தாதேக்கா. அவளுக்காகத்தானே இதெல்லாம் எழுதுறேன்.”

“எழுதிக் கிழிச்சது போதும். வந்து உட்காருடா!”

பின்னால் காகிதம் சரசரத்தது. வாலு முதுகுப்பையைக்கூடக் கழற்றாமல் நின்று கதைத்தாள்களைப் படித்துக்கொண்டிருந்தாள். என் மேஜைக்கு வரும் எந்தக் கதையையும் எனக்கு அடுத்தபடியாக அவள்தான் படிப்பாள். நான் கத்திய கத்தலில் அவள் வந்தது கேட்கவில்லை. கடைசித் தாள்வரை நிதானமாகப் படித்தாள். பிறகு போனுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“அப்பா, நான்தான்.”

“அட, என் செல்லம்! எப்ப வந்தே?”

“வெள்ளிக்கிழமை நீங்க வந்துடாதீங்கப்பா.”

“ஏம்மா?”

“வந்தா கதை தப்பாயிடும். நீங்க மறுபடி எழுதணும், அத்தையும் மறுபடி வரையணும். நான் டீச்சர்கிட்ட சொல்லி அந்த நாற்காலியைக் காலியாவே வச்சுக்கறேன். யாரையும் உட்கார விடமாட்டேன்.”

போனில் பெருமூச்சு கேட்டது. அவ்வளவு கோபத்திலும், இப்போது உடைந்துபோவான் என்றுதான் நினைத்தேன். அது நிம்மதிப் பெருமூச்சு.

“என் தங்கமே! பார்த்தியாக்கா, நீ என்னமோ அந்தக் குதி குதிச்சியே, எவ்வளவு அழகாப் புரிஞ்சுக்கிட்டா பாரு. முதல் பிரதி உனக்குத்தாண்டா கண்ணு.”

“இந்தப் புத்தகத்துக்கு நான் படம் போடமாட்டேன்” என்றேன். “நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி.”

“அக்கா, விளையாடாதே...”

போனை வைத்துவிட்டு, வரைந்த தாளைச் சுக்குநூறாகக் கிழித்தேன். வாலு பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ அத்தை, கிழிக்காதீங்க! கதை இல்லேன்னா அப்பா சும்மாவே வராம இருக்கிற மாதிரி ஆயிடுமே?”

பூசி மெழுகிச் சொல்ல எனக்கு எத்தனையோ வார்த்தைகள் தெரியும். எல்லாம் அவன் எழுதி நான் படம் போட்டவை.

“ஆமாண்டி” என்றேன். “சும்மாதான் வரலை.”

அவள் என் கையை உதறிவிட்டு, கிழிந்த துண்டுகளின் மேலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.