பார்க்காமல் போட்ட கையெழுத்து

துரைராசு கொண்டுவந்த கோடிப்புடவையை அரசப்பன் வாங்கினார். வாங்கிய கையோடு தெருவில் விட்டெறிந்தார்.

"என் தம்பியைக் கொன்னுட்டுக் கோடி வேற கொண்டாந்தியாடா? மானங்கெட்டவனே!"

கூடத்தில் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பிரகதாம்பாள் ஜன்னல் வழியே அதைப் பார்த்தாள். செத்தவர் பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டுக் கோடி வந்தால்தான் பிணத்தை எடுப்பார்கள். அந்தக் கோடி இப்போது சாக்கடை ஓரம் கிடந்தது. எறிந்தவர் புருஷனின் அண்ணன். கொண்டுவந்தவன் அவளுடைய ஒரே தம்பி. துரைராசு எதிர்வீட்டுச் சுவரோரம் போய்க் குந்தி, முழங்கால்களுக்கு நடுவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவனுக்கு நாலடி தள்ளி ஒரு போலீஸ் ஏட்டு நின்றார். பிணத்தை எடுத்து முடியட்டும், பிறகு கூட்டிப்போகலாம் என்று பெரிய மனது பண்ணிக் காத்திருந்தார்.

அவள் புருஷன் ரெத்தினம் தஞ்சாவூரில் பிரேக் இன்ஸ்பெக்டர். லாரியோ பஸ்ஸோ வாடகைக் காரோ, வருஷத்துக்கு ஒரு தரம் அவர் முன்னால் வந்து நின்று, ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. வாங்கினால்தான் ரோட்டில் ஓடலாம். மனுஷன் லேசில் விடமாட்டார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பார். தானே ஏறி ஓட்டி, சடாரென்று பிரேக் போட்டு, மண்ணில் நாலு சக்கரமும் ஒரே அளவு இழுத்திருக்கிறதா என்று முட்டிபோட்டுப் பார்ப்பார். எஃப்.சி.க்கு மட்டும் நல்ல சாமானை இரவல் வாங்கி மாட்டிவந்து மறுநாள் கழற்றிவிடும் கில்லாடிகளை எல்லாம் அவருக்குப் பேர் பேராகத் தெரியும். டிரைவர்கள் அவரைத் திட்டாத நாளில்லை. அவர்களே இன்று மாலையும் கையுமாக வந்து, "பொய்யா ஒரு கையெழுத்துப் போட்டதில்லைங்க இந்தக் கை" என்று மூக்கைச் சிந்தினார்கள். அதைக் கேட்டதும் பிரகதாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாம் துரைராசு வாங்கிய அந்த வண்டியால் வந்த வினை. குத்தகைக்காரர் பேரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததும் பண்ணை வீடுகள் உஷாராகிவிட்டன. குத்தகைக்கு உழுத ஏழு மா நிலத்தை விட்டுக்கொடுத்ததாக எழுதிக்கொடு, அதற்கு ஈடாகக் கார் தருகிறேன் என்றார் துரைராசுவின் பண்ணைக்காரர். பின்பக்கம் நீண்டு, அங்கேயும் ஒரு கதவு வைத்த பழைய ஸ்டேஷன் வேகன். பண்ணைக் குடும்பம் அமாவாசைக்கு மூட்டை முடிச்சோடு கோடியக்கரைக்குக் குளிக்கப் போய்வந்த வண்டி. பதினாறு வருஷம் ஓடியிருந்தது. விட்டுக்கொடுக்காதே என்று செங்கொடிக்காரர்கள் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். கேட்டானா? வாடகைக்கு ஓட்டினால் ராஜா மாதிரி இருக்கலாம் என்று எவனோ சொன்னது காதில் ஏறிவிட்டது.

முதல் சவாரியும் அமைந்தது. திங்கட்கிழமை திருக்கடையூரில் ஓர் அறுபதாம் கல்யாணம், ஒன்பது பேர். வெள்ளிக்கிழமை சாயந்திரம் துரைராசு எஃப்.சி. தாளை மட்டும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தான். வண்டி ஊரில் பெயிண்ட் அடித்துக் காய்ந்துகொண்டிருந்தது.

"வண்டி வராம எப்படிடா?" என்றார் ரெத்தினம். "அதோட, சொந்தக்காரன் வண்டியை நான் பார்க்கிறது சரியில்ல. இன்னொரு இன்ஸ்பெக்டர் லியாகத் அலி லீவு முடிஞ்சு செவ்வாக்கிழமை வருவாரு, அவருகிட்ட காட்டு."

"அதுக்குள்ள சவாரி போயிடும் அத்தான்."

துரைராசு அவ்வளவுதான் சொன்னான். மல்லுக்கு நின்றவள் பிரகதாம்பாள்.

"நிலமும் போயி இந்தச் சவாரியும் போனா அவன் மண்ணையா தின்பான்? எனக்குன்னு பிள்ளையா குட்டியா? அவன் ஒருத்தன்தானே! இத்தனை வருஷத்துல உங்ககிட்ட ஏதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லைதான். ரெத்தினம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கை கழுவி, சமையற்கட்டு வாசலிலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அவர் சரியாகத் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "போயி ஒரு தரம் ஓட்டிப் பார்த்துட்டு வந்துடுறேன் பிரகதா, நாளைக்கு ஒன்பது பேர் ஏறப்போறாங்க" என்று பஸ் ஏறினார். அங்கே, கூட வருகிறேன் என்ற துரைராசுவை வண்டியில் ஏற்றிக்கொள்ளவில்லை. வெண்ணாற்றங்கரை வளைவில் பிரேக் பிடிக்காமல் வண்டி ஆற்றில் பாய்ந்தது. இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைத்துணி சுற்றிக் கொடுத்தார்கள்.

லியாகத் அலி லீவை முறித்துக்கொண்டு வந்து, ஆற்றிலிருந்து தூக்கிய வண்டியைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தார். பிரகதாம்பாளின் அருகில் குனிந்து சொன்னார்.

"பெடல் தரையோட கிடக்குது அண்ணி. பிரேக்குன்னு ஒண்ணு இல்லவே இல்ல. சார் பார்த்துக் கையெழுத்துப் போட்ட வண்டி ரெண்டு நாள்ல இப்படி ஆகாது. யாரோ நல்ல சாமானை மாட்டிக் காட்டிட்டுக் கழட்டியிருக்கணும். உங்க தம்பியைக் கேட்டேன். ஆமா, நான்தான் கழட்டினேன்னு சொல்றான்."

"அவனேவா சொன்னான்?"

"அவனேதான். ஏட்டு எழுதிக்கிட்டாரு."

அடப்பாவி! அத்தான் பேரைக் காப்பாற்ற ஜெயிலுக்குப் போகிறானாம்! வாயைத் திறந்தால் புருஷனுடைய பேர் அவரோடு சேர்ந்து வேகும். திறக்காவிட்டால் தம்பி உள்ளே போவான். அவளையும் தம்பியையும் தவிர இது ஒருத்தருக்கும் தெரியாது. அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தால் போதும், எல்லாம் தானாக முடிந்துவிடும். அவர் முகத்தைப் பார்த்தாள். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

அவள் எழுந்து தெருவுக்கு வந்தாள். பிணம் வீட்டில் கிடக்கும்போது பெண்டாட்டி தெருவில் இறங்குவதா என்று பொம்பளைகள் பதறினார்கள். சாக்கடை ஓரம் கிடந்த கோடியை எடுத்து, மண்ணை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அவன் எதையும் கழட்டல" என்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "இவரு அந்த வண்டியைப் பார்க்கவே இல்ல. நான் அழுது மல்லுக்கட்டினேன்னு எங்க சமையக்கட்டுல உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாரு. மனசு கேக்காமதான் நேத்து பார்க்கப் போனாரு. போகலைன்னா இன்னைக்கு ஒன்பது பேரு ஆத்துல கிடந்திருப்பாங்க."

லியாகத் அலி குறுக்கே வந்தார். "யோசிச்சுச் சொல்லுங்க அண்ணி. எழுதிட்டா அழிக்க முடியாது."

"எழுதுங்க" என்றாள் ஏட்டைப் பார்த்து.

"சீ, வாயை மூடு!" என்று அரசப்பன் பாய்ந்தார். "செத்தவன் வந்து இல்லேன்னு சொல்லமாட்டாங்கிற தைரியமா? தம்பிக்காகப் புருஷனை வித்துட்டியே!"

மாலை போட்ட டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் சிரித்தேவிட்டான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு பேர் நழுவினார்கள்.

ஏட்டு எழுதிக்கொண்டு, போ என்று தலையசைத்ததும் துரைராசு எழுந்து அக்காவிடம் வந்தான். கும்பிடுவான், கட்டிக்கொண்டு அழுவான் என்றுதான் அவள் நினைத்தாள்.

"ஏங்க்கா சொன்னே?" என்றான். "அத்தானுக்கு நான் செய்யறதுக்கு அது ஒண்ணுதான் மிஞ்சியிருந்துச்சு. அதையும் கெடுத்துட்டியே."

அவள் தோளில் கிடந்த கோடியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பாடையைத் தூக்கியபோது துரைராசு முன்பக்கம் தோள் கொடுத்தான். அரசப்பன் மறுபக்கம் நின்றார். தடுக்கவில்லை, அவன் பக்கம் திரும்பவும் இல்லை. லியாகத் அலி செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் நடந்தார். தெருமுனை திரும்பும்வரை துரைராசு ஒரு தரம்கூட அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். பிரகதாம்பாள் திரும்பிவந்து பாயில் உட்கார்ந்ததும் அதில் இருந்த பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக எழுந்து பம்படிக்குக் குளிக்கப் போனார்கள். புருஷனைப் பறிகொடுத்தவளை இரண்டு பேராவது கைத்தாங்கலாகப் பிடித்து அழைத்துப்போவார்கள். அவளை ஒருவரும் தொடவில்லை. தண்ணீர் கூடத்தில் பரவிவந்து பாயின் ஓரத்தை நனைத்தது. எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. அவளே எழுந்து, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அதை எங்கே காயப்போடுவது என்று தெரியாமல் ஈரத்தில் நின்றாள்.