பாதித் தலைப்பு

படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையில் 'வேடிக்கை' என்று மட்டும் இருந்தது. என் மைத்துனன் அதன் முன் நின்று நகர மறுத்தான்.

"இன்னொரு வார்த்தை காணோம் மாமா."

"விடு மாப்ள. வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

அவனுக்கு முப்பத்தொரு வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. பேச்சு கொஞ்சம், படம் நிறைய. நகரத்தை மட்டும்தான் வரைவான். பேருந்து நிறுத்தம், மேம்பாலத்தின் அடிப்பக்கம், நடைபாதைக் கம்பியில் காயும் போர்வை. ஒவ்வொரு படத்தின் பின்புறமும் தலைப்பை அவனே எழுதிவிடுவான். இதற்கு எழுதியது 'வேடிக்கை பார்த்தாங்க'.

கண்காட்சிப் பொறுப்பாளர் வந்தார். அவனுக்குக் காது கேட்காது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கத்திப் பேசினார்.

"என்ன கண்ணா, குட்டிக் கோபமா?"

பிறகு என் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில்: "தலைப்புன்னா ஒரே வார்த்தைதான் சார் நச்சுன்னு நிக்கும். சிட்டியோட ஜாலி மூட் அப்படியே வந்திருக்கு பாருங்க. அந்த அப்பா குழந்தையத் தோள்ல தூக்கி வெச்சிருக்கார், என்ன பாசம். நடுவுல வெறுமனே விட்டிருக்கான்ல, அதான் சுதந்திரம்."

சுற்றியிருந்த நாலு பேர் தலையாட்டினார்கள். படித்தவர்கள். ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

படத்தில் ஒரு நாற்சந்தி. நாற்பத்தொரு பேர் வட்டமாக நிற்கிறார்கள். ஒருவன் ஜூஸ் உறிஞ்சுவதைக்கூட நிறுத்தவில்லை. நடுவில் வண்ணம் படாத வெறும் கேன்வாஸ் துணி. லாரி மோதிவிட்டுப் போன பிறகு என் மனைவி கிடந்த இடம் அது. அவள் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முகத்தையும் பார்த்திருக்கிறான். நான் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதுவரை ஒருவரும் குனியவில்லை. அந்த அப்பா, பிள்ளைக்கு நன்றாகத் தெரியட்டும் என்றுதான் தூக்கினார்.

இதைச் சொன்னேன். பொறுப்பாளர் நெஞ்சில் கை வைத்தார்.

"அய்யோ. இத மைக்ல சொல்லிடலாமா சார்? ஜனங்க உருகிடுவாங்க. தலைப்பு மட்டும் இப்படியே இருக்கட்டும், அட்டை அடிச்சாச்சு."

உருகி முடித்தவர்களுக்கு மூலையில் தேநீர் தயாராக இருந்தது.

மைத்துனன் சட்டைப் பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்தான். அட்டையில் 'பா' எழுத மட்டும்தான் இடம் இருந்தது. மீதியைச் சுவரில் தொடர்ந்தான்.

"சுவரு கண்ணா, சுவரு. நேத்துதான் பெயின்ட் அடிச்சது. வாட்ச்மேன், கொஞ்சம் வாங்க."

வாட்ச்மேன் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் போனதிலிருந்து எட்டு மாதமாக யார் எதைச் சொன்னாலும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன்.

"எழுதட்டும்ணே."

அவன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம். 'ர்' மேல் புள்ளி, 'த்' மேல் புள்ளி, 'ங்' மேலும் புள்ளி. எழுதிவிட்டு இரண்டடி பின்னால் வந்து பார்த்தான்.

"தப்பு ஏதாவது இருக்கா மாமா?"

"இல்ல மாப்ள."